இரண்டே பேர் ஆட 300 சிப் போக்கர் பெட்டி: சேலத்தில் வாங்கி ஏற்காட்டில் ஆடிப் பார்த்த விமர்சனம்

சேலம் கடைவீதியில் விளையாட்டுச் சாமான் விற்கும் கடையொன்றில் 2,400 ரூபாய் கொடுத்து வாங்கிய போக்கர் பெட்டி இது. அலுமினியப் பெட்டிக்குள் 300 சிப் (காசுக்குப் பதில் பந்தயம் வைக்கும் வில்லை), இரண்டு சீட்டுக்கட்டு, சீட்டுப் போடும் முறை யாருடையது என்று காட்டும் ஒரு டீலர் பட்டன், ஐந்து பகடை. பெட்டியின் மேல் கம்பெனிப் பெயர் எதுவும் கிடையாது. இதே சரக்கு வேறு வேறு ஸ்டிக்கரோடு பல இடத்தில் கிடைக்கிறது. எட்டுப் பேர் கூடி ஆடுகிறவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று நான் பார்க்கவில்லை. என்னைவிட நன்றாக ஆடும் ஒருவரோடு எதிரெதிராக உட்கார்ந்து ஹெட்ஸ்-அப் ஆடத்தான் வாங்கினேன். அதற்கு இது எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அந்த ஒருவர் என் சித்தப்பா. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஏற்காட்டில் நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முப்பது வருஷம் ரம்மியில் பழுத்த கை. போக்கரைப் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டு பிள்ளைகளையே தாண்டிப் போனவர். நாம் எந்தக் கையை எப்படி ஆடினோம் என்பது அடுத்த மாதம் வரைக்கும் அவர் நினைவில் இருக்கும். எங்கள் வீட்டில் காசு வைத்து ஆடுவது கிடையாது, சிப் மட்டும்தான். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம் நிறுத்திவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆட்டத்தைக் கற்க நேரில் ஒரு நல்ல எதிராளி போதும்.

முதலில் சிப்பைப் பற்றி. நான் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். எடை என்று எதில் எழுதியிருந்தாலும் தராசில் வைத்துப் பார்த்தால்தான் மனசு ஆறும். பெட்டியில் ஒரு சிப் 11.5 கிராம் என்று போட்டிருக்கிறது. பட்டறைத் தராசில் நிறத்துக்குப் பத்தாக எடுத்து ஒவ்வொன்றாக வைத்தேன். 11.4க்குக் கீழே எதுவும் இறங்கவில்லை, 11.7க்கு மேலே எதுவும் ஏறவில்லை. இந்த விலைக்கு இது நேர்மையான எடை. உள்ளே ஒரு இரும்புத் தகடு, சுற்றிலும் பிளாஸ்டிக். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் ஒட்டிக்கொள்கிறது. கையில் எடுத்தால் கனம் தெரிகிறது, அடுக்கினால் சாயாமல் நிற்கிறது. வெறும் பிளாஸ்டிக் சிப் மூச்சு பட்டாலே சரியும். அது நேருக்கு நேர் ஆடும்போது சின்ன விஷயமில்லை, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

குறை என்று பார்த்தால் பச்சை நிறச் சிப்புகளின் விளிம்பில் பிசிறு. அச்சு சரியாகச் சேராத இடத்தில் மெல்லிய கோடு போலத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இரண்டை அடுக்கி விரலால் தடவினால் நறநறவென்று தெரியும். உப்புத்தாள் என்று மட்டும் கேட்டால் ஹார்டுவேர் கடையில் எதையோ கொடுப்பார்கள், அது வேண்டாம். இருப்பதிலேயே நைசான தாளை வாங்கி ஈரத்தில் தேய்த்தால் நிறம் போகாமல் பிசிறு மட்டும் போகிறது. ஐம்பது சிப்பைத் தேய்த்து முடிக்க ஒரு சாயங்காலம் ஆனது. விற்பவர் செய்திருக்க வேண்டிய வேலை.

சிப்பில் மதிப்பு அச்சிடாத பெட்டியாகப் பார்த்து வாங்கியதுதான் நான் செய்த நல்ல காரியம். வெள்ளை 100, சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு தலா 50. எந்த நிறத்துக்கு எவ்வளவு என்று நாமே வைத்துக்கொள்ளலாம். நான் வைத்திருப்பது இது: வெள்ளை 10, சிவப்பு 50, நீலம் 100. ஆளுக்கு வெள்ளை 20, சிவப்பு 12, நீலம் 12. மொத்தம் 2,000. இரண்டு பேருக்கும் சேர்த்து 88 சிப் போதும், மிச்சம் பெட்டிக்குள்ளேயே இருக்கும். பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே ஒருவர் சின்னதாகவும் மற்றவர் பெரியதாகவும் கட்டாயம் வைக்கும் தொகை, 20-40இல் தொடங்கி 30-60, 50-100, 100-200 என்று இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஏறும்.

தன்னைவிடக் கெட்டிக்காரரோடு ஆடுகிறவர் சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான். சித்தப்பா கேட்டது வேறு. "ஆளுக்கு நாலாயிரம் வெச்சுக்குவோம் கண்ணு, பிளைண்டை ஏத்த வேண்டாம், நிதானமா ஆடலாம்." அவருக்கு நிதானம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு லாபம். கையில் பெரிய பிளைண்டைப் போல 100 மடங்கு சிப் இருக்கும்போது ஒரு சுற்றில் நான்கு இடத்தில் முடிவெடுக்க வேண்டும்: ஆளுக்கு இரண்டு சீட்டு வந்ததும் (ஃப்ளாப்புக்கு முன்), நடுவில் மூன்று பொதுச் சீட்டு திறந்ததும் (ஃப்ளாப்), நான்காவது திறந்ததும் (டர்ன்), ஐந்தாவது திறந்ததும் (ரிவர்). ஒவ்வொரு இடத்திலும் அவர் முடிவு என் முடிவைவிடக் கொஞ்சம் நன்றாக இருக்கும். அந்தக் கொஞ்சம் நான்கு முறை பெருகும், ரிவரில் பாட் (நடுவில் சேர்ந்த சிப்) பெருத்திருக்கும்போது மொத்தமாக வசூலாகும். பிளைண்ட் ஏறி இருவர் கையிலும் பத்துப் பத்து பிளைண்ட்தான் என்று வந்துவிட்டால் முடிவு ஒன்றே ஒன்று. ஃப்ளாப்புக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் வைப்பதா, கீழே போடுவதா? அதற்குப் பிறகு அனுபவத்துக்கு வேலை இல்லை.

சீட்டின் இயல்பும் இங்கே நம் பக்கம்தான். இரண்டு பேர் ஃப்ளாப்புக்கு முன் மொத்தத்தையும் வைத்தால் யாருக்கும் முழு உறுதி கிடையாது. ஆஸ் ஜோடியே எதிரில் ஏதோ ஒரு கை இருந்தால் நூற்றுக்கு 85தான் ஜெயிக்கும். ஆஸ்-ராஜாவும் இரண்டு-இரண்டு என்ற ஜோடியும் மோதினால் ஏறக்குறைய சரிபாதி, அந்த ஜோடிக்குத்தான் ஒரு நூல் கூடுதல். எல்லாவற்றிலும் மட்டமான கை என்று சொல்லும் ஏழு-இரண்டுகூட ஏதோ ஒரு கைக்கு எதிரே மூன்றில் ஒரு தடவை ஜெயிக்கும். பலசாலியை வீழ்த்த வேறு எந்த ஆட்டத்திலும் இவ்வளவு பெரிய கதவு திறந்திருப்பதில்லை.

அதனால் நான் பிளைண்ட் நேரத்தில் பிடிவாதமாக இருந்தேன். சித்தப்பா ஒத்துக்கொண்டார். இப்போது ஒரு மணி நேரத்தில் 100-200க்கு வந்துவிடுகிறோம்.

அந்தக் கட்டத்துக்குத் தேவையான கணக்கை ஒரு அட்டையில் எழுதிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். மூடியில் பஞ்சு போன்ற கறுப்பு ஃபோம் இருக்கிறது. சாதாரணப் பசை பிடிக்காது, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் பிடிக்கும். அட்டையில் உள்ளது இதுதான்: கையில் பத்து பிளைண்ட், பட்டன் என்னிடம் என்றால், எந்த ஜோடிக்கும், எதனோடு வந்த ஆஸுக்கும், எதனோடு வந்த ராஜாவுக்கும், நல்ல துணையோடு வந்த ராணி, ஜாக்கிக்கும், ஒரே சின்னத்தில் அடுத்தடுத்து வந்த சீட்டுக்கும் ஆல்-இன், அதாவது மொத்தச் சிப்பையும் வைப்பது. கூட்டிப் பார்த்தால் வரும் கைகளில் ஏறக்குறைய பாதி. பலருக்கு இது துணிச்சல் போலத் தெரியும். கணினியில் போட்டுப் பார்த்தவர்களின் கணக்கும் இதையே சொல்கிறது. எதிராளி எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் இந்த வகை ஆட்டத்திலிருந்து அவரால் பெரிதாக எதையும் பிடுங்க முடியாது.

எதிர்ப்பக்கம் இருக்கும்போது வேறு கணக்கு. சித்தப்பா பட்டனிலிருந்து 2,000 வைக்கிறார், என் பெரிய பிளைண்ட் 200 ஏற்கெனவே உள்ளே. நான் இன்னும் 1,800 போட வேண்டும், போட்டால் மொத்தம் 4,000. 1,800ஐ 4,000ஆல் வகுத்தால் 45 சதவீதம். அவர் வைக்கக்கூடிய கைகளுக்கு எதிரே என் கை நூற்றுக்கு 45 ஜெயிக்குமென்றால் போட வேண்டும், இல்லையென்றால் விட வேண்டும். அவர் முகத்தைப் படிக்கவே வேண்டாம்.

அப்படி ஒரு கை. பிளைண்ட் 100-200, பட்டன் என்னிடம், கையில் டைமன் ராஜாவும் கிளாவர் ஆறும். நீலம், சிவப்பு, வெள்ளை மூன்று அடுக்கையும் ஒரே தள்ளாகத் தள்ளினேன். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "எவ்வளவு கண்ணு?" "ஆயிரத்தித் தொளாயிரம் சித்தப்பா." தன் அடுக்கிலிருந்து எண்ணி வைத்துவிட்டுச் சீட்டைத் திருப்பினார், ராணி-ஜாக்கி. ஃப்ளாப்பில் ஒன்பது, ஆறு, மூன்று. டர்னில் ராணி. ரிவரில் இரண்டு. போயிற்று. ஆனால் சிப் உள்ளே போன நேரத்தில் ஜெயிக்கும் வாய்ப்பு பாதிக்கும் மேல் என் பக்கம் இருந்தது. அவர் அழைத்ததும் (என் அளவுக்குச் சமமாக வைத்ததும்) சரி, நான் வைத்ததும் சரி. இவ்வளவு வருஷ அனுபவத்துக்கும் அந்தக் கையில் கிடைத்த வேலை ஒரே ஒரு முடிவு. அந்த இடத்துக்கு அவரைக் கூட்டி வருவதுதான் என் ஆட்டம்.

டீலர் பட்டன் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கெட்டியான வெள்ளை வில்லை, ஒரு விரல் கனம், எழுத்து பள்ளமாக வெட்டியிருப்பதால் தேயவில்லை. எட்டுப் பேர் ஆடும்போது பட்டன் மேசையைச் சுற்றி வரும். இரண்டு பேருக்கு அது ஒவ்வொரு கைக்கும் இடம் மாறும், யாரிடம் இருக்கிறதோ அவர்தான் சின்ன பிளைண்ட். ஃப்ளாப்புக்கு முன் அவர் முதலில் பேச வேண்டும், அதற்குப் பிறகு எல்லா இடத்திலும் கடைசியில் பேசலாம். புதிதாக ஆடுகிறவர்கள் இதை மாற்றி வைத்துக்கொண்டு ஆடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கடைசியில் பேசுவது எவ்வளவு பெரிய பலம் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வில், லிமிட் ஹோல்டம் (பெட் அளவு முன்பே தீர்மானித்த போக்கர் வகை) இருவர் ஆட்டத்தை செஃபியஸ் என்ற புரோகிராம் ஏறக்குறைய முழுசாகத் தீர்த்தது. பிழையில்லாமல் இரண்டு பேர் ஆடினாலும் பட்டன் வைத்திருப்பவருக்கே லாபம் என்பது அதில் உறுதியானது. ஆகவே கெட்டிக்காரர் எதிரே இருக்கும்போது என் வழக்கம்: பட்டன் என்னிடம் இருந்தால் பெரும்பாலான கைகளை ஆடுவேன், பெரிய பிளைண்டின் இரண்டு மடங்கு மட்டும் ஏற்றுவேன். பட்டன் அவரிடம் இருந்தால் ஒல்லியான கைகளைத் தயங்காமல் கீழே போடுவேன், பாட்டைச் சின்னதாகவே வைத்திருப்பேன்.

பிளைண்ட் ஏறுவதற்கு முந்தைய அந்த ஒரு மணி நேரம்தான் கஷ்டம். சித்தப்பாவின் ஆயுதம் பாட்டில் பாதி அளவு பெட். ஃப்ளாப்பில் அரை, டர்னில் அரை, முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. இதற்குப் பயந்து கீழே போட்டுக்கொண்டே இருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். அரைப் பாட் பெட்டுக்கு நான்கில் ஒரு தடவை என் கை ஜெயித்தால் அழைப்பதற்குக் கட்டும். முழுப் பாட் பெட் என்றால் மூன்றில் ஒரு தடவை. இன்னொரு பக்கமிருந்து பார்த்தால், அரைப் பாட் பெட்டுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நான் கீழே போட்டேன் என்றால், அவர் கையில் எதுவுமே இல்லாமல் ஒவ்வொரு தடவையும் பெட் வைத்து லாபம் பார்க்கலாம். அதனால் நடுத்தர ஜோடியோடு ஒரு தடவையாவது அழைத்தே தீருவேன். சந்தேகத்தால் இல்லை, இந்தக் கணக்கால்.

ப்ளஃப் (நல்ல கை இல்லாமலே இருப்பது போல பெட் வைப்பது) செய்வதில் எனக்கு ஒரு விதி உண்டு. எப்போது செய்வது என்று நான் முடிவெடுப்பதில்லை, கைக்கடிகாரத்தின் நொடிமுள் முடிவெடுக்கும். மூன்றில் ஒரு தடவை ப்ளஃப் செய்ய வேண்டிய இடம் என்று நினைத்தால், முள் 20க்கு முன்னால் இருந்தால் வைப்பேன், தாண்டியிருந்தால் விட்டுவிடுவேன். ஆளைப் படிப்பதில் வல்லவருக்கு எதிரே நம் மனசை ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுவதைவிட நல்ல காவல் எனக்குத் தெரியவில்லை.

சிப்பின் கனம் முக்கியம் என்று முன்னால் சொன்னது இதற்காகத்தான். நல்ல கை வரும்போது பலர் சிப்பை மெதுவாக, ஒழுங்காக வைப்பார்கள், ப்ளஃப் என்றால் கொஞ்சம் தெறிக்க விடுவார்கள். லேசான சிப்பில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும், அடுக்கும் சரியும், கையும் நடுங்குவது போலக் காட்டும். இந்தச் சிப்பு அடுக்காகத் தள்ளினால் அடுக்காகவே போய் நிற்கிறது. நான் எந்தக் கைக்கும் ஒரே மாதிரி, ஒரே இடைவெளி விட்டு, ஒரே இடத்துக்குத் தள்ளுவேன். சித்தப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கட்டும்.

மேசைமேல் விரிக்க இந்தப் பெட்டியில் துணி கிடையாது. வெறும் மரத்தில் சிப் வழுக்குகிறது, சத்தமும் அதிகம். சித்தி பவானி ஜமக்காளம் ஒன்றை நான்காக மடித்துப் போட்டார். அதன் மேல் சீட்டை எடுக்கவும் சுலபம், சிப்பும் நின்ற இடத்தில் நிற்கிறது. தனியாக மேசைத்துணி வாங்கத் தேவையே இல்லை.

இப்போது சீட்டுக்கட்டு. இதில்தான் பெட்டி தோற்றது. கூட வந்த இரண்டு கட்டும் காகிதம், மேலே பளபளப்புப் பூச்சு மட்டும். சேலத்தின் வறண்ட வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. ஏற்காடு அப்படியில்லை. ஐப்பசியில் சன்னலைத் திறந்தாலே பனிமூட்டம் வீட்டுக்குள் வந்து உட்காரும். முதல் வாரத்திலேயே சீட்டு நமுத்து அப்பளம் மாதிரி வளைந்தது. ஒட்டிக்கொண்டு இரண்டிரண்டாக விழுந்தது. அதைவிட மோசம், ஸ்பேட் ஆஸின் ஒரு மூலை மடங்கிவிட்டது. மூலையை வைத்துச் சீட்டைக் கண்டுபிடிக்க முடியுமென்றால் அந்தக் கட்டை அன்றைக்கே தூக்கிப் போட வேண்டும், எதிரில் இருப்பவர் எவ்வளவு நேர்மையானவரானாலும். சித்தப்பாவே அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்.

முழுக்கப் பிவிசியில் செய்த கட்டு ஒன்றைத் தனியாக வாங்கினேன். ஈரத்துணியால் துடைக்கலாம், வளைத்தால் நிமிர்ந்துவிடுகிறது. புதிதில் வழுக்கும், கொஞ்ச நாள் கலைத்துக் கலைத்துப் போட்டால் கைக்குப் பழகிவிடும். வாங்கும்போது அகலத்தைப் பாருங்கள். போக்கர் அளவு 63 மில்லிமீட்டர், பிரிட்ஜ் அளவு 57. பெண்கள் கைக்கும் சின்னக் கைக்கும் பிரிட்ஜ் அளவு கலைக்க வசதி. இரண்டே சீட்டு கையில் பிடிக்கும் ஆட்டத்துக்கு எது வாங்கினாலும் பழுதில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதும் ஒரு வேலைதான். சிப் மட்டுமே மூன்றரைக் கிலோ, பெட்டியோடு நாலு கிலோவைத் தாண்டும். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனால் ஒவ்வொரு வளைவுக்கும் உள்ளே சிப் இடம் மாறும் சத்தம் கேட்கும், ஃபோமில் வெட்டியிருக்கும் பள்ளம் கொஞ்சம் தளர்வு. முன்பக்கத் தாழ் இரண்டில் ஒன்று சரியாகப் பிடிப்பதில்லை. சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிப் பெட்டியைச் சுற்றிப் போட்டிருக்கிறேன், அதற்குப் பிறகு கவலையில்லை. ஐந்து பகடை எதற்கு என்று தெரியவில்லை, சித்தியின் பேரன் எடுத்துக்கொண்டான்.

பலசாலியை எதிர்க்கிறவர்கள் கதை என்றால் எனக்கு இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள். ஒருவர் கிறிஸ் மனிமேக்கர், அமெரிக்காவின் டென்னசிக்காரர், அப்போது என்னைப் போலவே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர். 2003 போக்கர் உலகத் தொடரின் இறுதியில் சாமி ஃபர்ஹா என்ற தேர்ந்த ஆட்டக்காரர் எதிரே உட்கார்ந்தார். ஆரம்பத்திலேயே பணத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்ளலாமா என்று கேட்டார், ஃபர்ஹா ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு கையில் வெறும் ராஜாவை வைத்துக்கொண்டு ரிவரில் மொத்தச் சிப்பையும் வைத்தார். ஃபர்ஹாவிடம் ஒன்பது-ஒன்பது என்று ஒரு ஜோடி இருந்தது, யோசித்து யோசித்துக் கீழே போட்டார். கஷ்டமான முடிவை எதிராளி தலையில் வைத்த அந்த ஒரு பெட்டில் ஆட்டம் திரும்பியது. முதல் பரிசு 25 லட்சம் டாலர்.

இன்னொருவர் டல்லஸ் வங்கி அதிபர் ஆண்டி பீல். 2001 தொடங்கி 2006 வரைக்கும் லாஸ் வேகாஸில் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு ஒருவருக்கொருவராக லிமிட் ஆடினார். அவர் பிடித்த வழி பந்தயத் தொகையை அவர்களுக்கே நெஞ்சு படபடக்கும் அளவுக்கு ஏற்றுவது. அவர்கள் பணத்தைக் கூட்டாகச் சேர்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். சில நாள் பீல் கோடிகளில் ஜெயித்தார். கடைசியில் 2006 பிப்ரவரியில் ஃபில் ஐவியிடம் மூன்று நாளில் 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு மேல் விட்டுவிட்டுப் போனார். பீலின் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஆனால் தொகை எவ்வளவு ஏறினாலும் ஆட்டம் நாள் கணக்கில் நீண்டதே, அங்கே திறமை தன் நேரத்துக்கு வந்து நின்றுவிடுகிறது. பீல் தொகையை ஏற்றினார், நான் பிளைண்டை ஏற்றுகிறேன். காசில்லாத மேசையில் என்னால் ஏற்ற முடிந்தது அது ஒன்றுதான்.

பிளைண்ட் ஏற்ற ஆரம்பித்த பிறகு ஆட்டம் அடிக்கடி என் பக்கம் முடிகிறது. சித்தப்பா இன்னும் என்னைவிட நல்ல ஆட்டக்காரர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவரும் இப்போது குறைந்த சிப்புக்கான அட்டையைக் கேட்டு வாங்கித் தன் கையெழுத்தில் ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறார்.

வாங்க நினைப்பவர்களுக்கு: இரண்டே பேர்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் 300 வேண்டாம், 200 சிப் பெட்டியே தாராளம், எடையும் ஒரு கிலோவுக்கு மேல் குறையும். அதில் குறைந்தது மூன்று நிறம் இருக்கிறதா, ஒவ்வொன்றிலும் நாற்பதுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று கடையிலேயே எண்ணிப் பாருங்கள். மூடியைத் திறந்து மூடி, இரண்டு தாழும் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பில் போடும்போதே பிவிசி கட்டு ஒன்றையும் சேர்த்துக் கேட்டால் கொஞ்சம் குறைத்துத் தருகிறார்கள்.